ராமக்கல்மேட்டுத் தீக்கோளம்: எல்லை மலையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

தூக்குப்பாலம், புதன்கிழமை இரவு

கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக மலையேறியபோது எதிரே வந்தவை பெரும்பாலும் ஜீப்புகள்தாம். விடிவதற்கு வெகுமுன்பே கம்பம், கோம்பை, உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு ஏறிய பெண்களும் ஆண்களும், மாலை வெளிச்சத்தில் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. ஆனால் தேநீர்க் கடைப் பேச்சு பாதிக்கு மேல் தமிழாகவே இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் இந்த விளிம்பில் ஏலச்செடியை நம்பி வாழ்பவர்களில் தமிழர்கள் மிகுதி. இன்றிரவு நான் தங்கியிருக்கும் வீடும் அப்படிப்பட்ட ஒரு நண்பருடையதே. அவருடைய தாத்தா காலத்திலேயே போடியிலிருந்து இங்கே வந்து தோட்டம் வைத்த குடும்பம் அது.

நான் வந்தது வானம் பார்க்க. ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி மிதுன ராசியிலிருந்து எரிகற்கள் பொழிவதுபோலத் தோன்றும். நம் நாள்மீன்களில் புனர்பூசம் என்று சொல்லப்படும் இரட்டை நட்சத்திரங்களின் அருகிலிருந்து அவை கிளம்புவதாகத் தெரிவதால், அந்தத் திசையை அடையாளம் காண்பது எவருக்கும் எளிது. பெரும்பாலான எரிகல் பொழிவுகளுக்கு வால்வெள்ளிகள் மூலமாக இருக்க, இந்தப் பொழிவுக்கு மூலம் 1983-இல் ஐராஸ் என்ற விண்கலத்தின் படங்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள். அது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை, புதன் கோளைவிடவும் சூரியனுக்கு மிக அருகே போய் வருகிறது. அது வழியில் விட்டுச்சென்ற துகள்கள் நொடிக்கு 35 கி.மீ. வேகத்தில் நம் காற்றுமண்டலத்தில் நுழைந்து எரிகின்றன. செவ்வாய்க்கிழமைதான் அமாவாசை முடிந்திருப்பதால், இந்த முறை நிலவின் தொல்லை இல்லை.

பார்க்கும் இடமாக ராமக்கல்மேட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் கிழக்கு விளிம்பு. அங்கே கேரளத்து மலை திடீரென்று முடிந்து, கம்பம் பள்ளத்தாக்கு நேர் கீழே விரிகிறது. பள்ளத்தாக்கின் விளக்குகள் அடிவானத்தைச் சற்று வெளுக்கச் செய்கின்றன என்றாலும், தலைக்கு மேலே இருட்டு முழுமையாக இருக்கிறது. மாலையில் போய் இடம் பார்த்துவிட்டு வந்தோம். காற்றாலைகளை அங்கே நிறுத்தியிருப்பது வீணாக அல்ல. நின்றால் ஆளைத் தள்ளும் காற்று. வடக்கே அடிவானத்துக்கு மேல், கையை நீட்டிப் பிடித்த ஒரு முட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. முழுக்கை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 டிகிரி. ராமக்கல்மேட்டின் அட்சரேகையும் 10 டிகிரிக்குச் சற்றே குறைவு. எனவே துருவ நட்சத்திரம் அந்த உயரத்தில் தெரிவது என் முட்டி சரியான அளவுகோல்தான் என்பதை எனக்கு உறுதிப்படுத்தியது. கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான கோணமானி கிடையாது.

இரண்டரை மணிக்குக் கிளம்பவேண்டும். கோரைப்பாய், கம்பளி, சிவப்புத்தாள் ஒட்டிய கைவிளக்கு, இரண்டு குறிப்பேடுகள், இருகண்ணோக்கி ஒன்று. இவ்வளவே சாமான்.

ராமக்கல்மேடு, வியாழக்கிழமை காலை 7 மணி

கை இன்னும் நடுங்குகிறது. அது குளிரால் அல்ல.

மூன்று மணியிலிருந்து மிதுனத்து எரிகற்கள் நிதானமாக வந்துகொண்டிருந்தன. அவற்றின் வேகம் மிதமானது என்பதால் கண் அவற்றைப் பின்தொடர முடிகிறது. வெண்மையான கோடுகள், பெரும்பாலும் தடம் விடாதவை. நான்கரை மணிக்கு மகம் கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது. புனர்பூசம் வடமேற்கே சரிந்திருந்தது. கிழக்கே விடிவெள்ளி ஏறி, அதற்கு மேலே சித்திரை மீன் தனியாக நின்றது. தென்கிழக்கில், பாதி வானத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், ஹஸ்தத்தின் மீன்கள் கோணலான நாற்கரமாகத் தெளிவாகத் தெரிந்தன. இவற்றை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அடுத்து நடந்ததை அளப்பதற்கு இந்த மீன்களைத் தவிர வேறு முளைக்கம்புகள் வானத்தில் இல்லை.

4 மணி 41 நிமிடத்துக்கு, தென்கிழக்கில் ஹஸ்தத்துக்கு மேல், மேற்கு நோக்கி இரண்டு முட்டி தள்ளி, ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அது எரிகல் என்று மனம் சொல்லி முடிக்கும் முன்பே பச்சையும் வெள்ளையுமாகப் பெருகி, கீழ்நோக்கிப் பாய்ந்து, ஹஸ்தத்தின் அருகே வெடித்தது. அந்த வெடிப்பின் கணத்தில் பாறை, புல், நண்பரின் முகம், காற்றாலைகளின் வெள்ளைத் தூண்கள் அனைத்தும் ஒருசேர வெளிச்சமாயின. எங்கள் நிழல் எங்களுக்குப் பின்னால் பாறைமேல் விழுந்து, நகர்ந்து, மறைந்தது. விடிவெள்ளி அந்த வேளையில் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றே கால் நொடி இருக்கலாம்.

வெள்ளிக் கோளைவிட ஒளி மிகுந்த எரிகல்லைத் தீக்கோளம் என்று வானியலார் வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு ஒப்புநோக்கும் பொருள் அதே வானத்திலேயே இருந்தது என்பதால், இது தீக்கோளமா என்ற கேள்விக்கே இடமில்லை. பாறையில் விழுந்த நிழல்களின் கூர்மையைக் கொண்டு சொல்வதானால், வெடித்த கணத்தின் ஒளி முழுநிலவின் ஒளிக்கு அருகில் வந்திருக்கவேண்டும்.

நண்பர் வாய் திறக்கப் போனார். நான் கை காட்டி நிறுத்தினேன். பேசுவதற்கு முன் எழுதவேண்டும் என்று மாலையிலேயே ஒப்புக்கொண்டிருந்தோம். இருவர் சேர்ந்து பார்த்த ஒன்றை முதலில் பேசிவிட்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் இருவரின் நினைவும் ஒன்றாகக் கலந்துவிடும். அதன்பின் கிடைப்பது ஒரே சாட்சியம்தான். எனவே ஆளுக்கொரு குறிப்பேட்டில், முதுகைத் திருப்பிக்கொண்டு, தோன்றிய இடம், முடிந்த இடம், நேரம், நிறம் ஆகியவற்றை எழுதினோம். பிறகு ஒப்பிட்டபோது முடிவுப் புள்ளியில் இருவருக்கும் அரை முட்டிக்கு மேல் வேறுபாடு இல்லை. அடிவானத்திலிருந்து நான்கு முட்டியும் கொஞ்சமும். அதாவது ஏறத்தாழ 42 டிகிரி. திசைகாட்டியில் 125 டிகிரி, தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்காக.

ஆனால் அது முடிந்தபின்பும் முடியவில்லை. எரிகல் சென்ற வழியில் ஒரு தடம் நின்றது. முதலில் நேரான, மெல்லிய, வெண்பச்சைக் கோடு. அரை நிமிடத்தில் அது நடுவில் வளையத் தொடங்கியது. பிறகு மேல்முனை ஒரு பக்கமும் கீழ்முனை எதிர்ப் பக்கமும் இழுபட்டு, மெல்ல மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாகி, முறுக்கிய நூல்போல் ஆயிற்று. வெறுங்கண்ணுக்கு மறைந்தபிறகும் இருகண்ணோக்கியில் பத்து நிமிடத்துக்கு மேல் தெரிந்துகொண்டிருந்தது. எரிகல்லிலிருந்து ஆவியான இரும்பும் சோடியமும் மேல்வளியின் ஓசோனோடு வினைபுரிந்து மங்கலாக ஒளிர்வதால் இத்தகைய தடங்கள் நிற்கின்றன. எண்பது, தொண்ணூறு கி.மீ. உயரத்தில் காற்று மிக மெலிந்திருந்தாலும், அங்கே வீசும் வேகம் நொடிக்குப் பல பத்து மீட்டர். ஓர் அடுக்கில் ஒரு திசையும் அடுத்த அடுக்கில் வேறு திசையுமாக வீசுவதால் கோடு முறுக்கிக்கொள்கிறது. பலூனோ விமானமோ எட்டமுடியாத அந்த உயரத்துக் காற்றை நேற்றுவரை நான் எழுத்தில் மட்டுமே அறிந்திருந்தேன். இன்று அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தேன்.

ஓசைக்காகவும் காத்திருந்தோம். முடிவுப் புள்ளி நூறு கி.மீ.க்கு மேல் தொலைவில் இருந்தால், அங்கிருந்து ஒலி எங்களை எட்ட ஆறேழு நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காது கொடுத்தோம். காற்றாலை இறக்கைகளின் ஓசையைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

பிறகுதான் தடத்தைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தேன். கீழே முடிந்த இடத்தையும் மேலே தோன்றிய இடத்தையும் ஒரு நூலால் இணைத்து, அந்த நூலை மேற்கே நீட்டினால் புனர்பூசத்துக்குப் போகவேண்டும்; போகவில்லை. அது புனர்பூசத்துக்கு மூன்று முட்டி தெற்கே, ஆயில்யத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஆகவே இது நாங்கள் காண வந்த பொழிவைச் சேர்ந்ததல்ல. டிசம்பரின் முதல் இரு வாரங்களில் ஹைட்ரா மண்டலத்தின் தலைப்பகுதியிலிருந்து, அதாவது ஆயில்யத்தின் அருகிலிருந்து, சிறியதொரு பொழிவு உண்டு. அதைச் சிக்மா ஹைட்ரா பொழிவு என்பார்கள். மணிக்கு ஒரு சிலவே வரும். ஆனால் வேகம் நொடிக்கு 58 கி.மீ. மின்னல்போன்ற பாய்ச்சல், பச்சை நிறம், நெடுநேரம் நின்ற தடம் ஆகிய மூன்றும் வேகமான எரிகற்களில் அடிக்கடி காணப்படுபவை. அவை இந்த முடிவோடு நன்றாகப் பொருந்துகின்றன.

வேகத்தின் பொருளை ஒரு கணக்கால் சொல்லிவிடலாம். நொடிக்கு 58 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு கிராம் துகள், தன் இயக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 400 கிராம் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றலைச் சுமந்து வருகிறது. பாறைமேல் எங்கள் நிழலை எழுதிய பொருள் முழுதும் சேர்ந்து ஒரு கிலோ எடையைத் தாண்டியிருக்கத் தேவையில்லை.

தூக்குப்பாலம், வியாழக்கிழமை இரவு

இன்று தூங்கவில்லை. தூங்கினால் சாட்சியங்கள் கெட்டுவிடும். விடியற்காலை 4.41 என்பது இந்த எல்லையில் ஊர் விழித்திருக்கும் வேளை. பள்ளத்தாக்கில் ஜீப்புகள் ஆள் ஏற்றத் தொடங்கும் நேரம்; மாடு கறப்பவர்கள், கொடித் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்புபவர்கள், குமுளிச் சாலையில் நடக்கும் ஐயப்ப பக்தர்கள் என்று எத்தனையோ பேர் வெளியில் இருக்கும் நேரம். பெருநகரத்தில் இது நிகழ்ந்திருந்தால் இவ்வளவு கண்கள் கிடைத்திருக்காது.

எட்டு மணிக்குள் சந்தித்த ஜீப் ஓட்டுநர் முதல் சாட்சி. கம்பமெட்டு மலைப்பாதையின் வளைவொன்றில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டிக்குள் வெளிச்சம் அடித்தது என்றார். எதிரே லாரி வருகிறது என்று எண்ணிப் பிரேக் பிடித்திருக்கிறார். வண்டியில் இருந்த பதினைந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். எங்கே விழுந்தது என்று கேட்டதற்கு, "மேகமலைக்கு அங்கிட்டுத்தான் சார் விழுந்துச்சு, போனா எடுத்துரலாம்" என்றார். அதே வண்டியில் வந்த இளைஞர் ஒருவர், மேகமலை அல்ல, சுருளி அருவிக்குப் பின்னால் என்று மறுத்தார். தோட்டத்துக் கணக்கர், மகேந்திரகிரியில் இஸ்ரோ ஏதோ சோதித்திருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார்.

இஸ்ரோ ஐயம் நியாயமானதே. அதை எளிதில் தீர்த்துவிடலாம். மகேந்திரகிரியில் எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரிக்கிறார்கள். அங்கிருந்து எதுவும் ஏறுவதில்லை. விண்ணிலிருந்து திரும்பி விழும் ராக்கெட் துண்டுகளோ நொடிக்கு 8 கி.மீ.க்கும் குறைந்த வேகத்தில், அரை நிமிடமும் அதற்கு மேலும் வானத்தைக் கடந்து, துண்டு துண்டாக ஊர்ந்து போகும். ஒரு நொடியில் முடிந்த எதுவும் மனிதன் அனுப்பிய பொருளாக இருக்க முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை எவருடைய முதல் சொல்லையும் நான் எழுதிக்கொள்ளவில்லை. பத்து நொடி என்றவர்கள் உண்டு. அரை நிமிடம் என்றவர்களும் உண்டு. அவர்களை அதே இடத்தில் நிற்கச் சொல்லி, விரலால் வானத்தில் அது போன வழியைப் போன வேகத்திலேயே காட்டச் சொன்னேன். காட்டியபோது எல்லா விரல்களும் ஒரு நொடி, ஒன்றரை நொடியில் கீழே வந்துவிட்டன. வாய் மறந்ததைக் கை மறப்பதில்லை என்பதை இன்று ஒருவர் விடாமல் எல்லாரிடமும் கண்டேன். திசைக்கும் உயரத்துக்கும் இதே முறைதான்: பார்த்த இடத்திலேயே நிற்கவேண்டும், மரக்கிளை, கூரை, மின்கம்பம் என்று ஓர் அடையாளம் வேண்டும், அதன்பிறகுதான் முட்டியால் அளவு.

மதியம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி சொன்னதை நான் மறக்க முடியாது. கோம்பையில் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். ஒளி தோன்றியதும் வானத்தைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த முருங்கையைப் பார்த்திருக்கிறார். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மறதி வரும் என்று அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப நீங்க எதையும் பார்க்கலையா பாட்டி?" என்று கேட்டேன்.

"ஏன் பார்க்கல? எலை எல்லாம் பச்சையாத் தெரிஞ்சதே தம்பி. நடுச்சாம இருட்டுல எலை பச்சையாவா தெரியும்?" என்றார்.

இன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒளி அளவீடுகளில் இதுவே சிறந்தது. நட்சத்திர ஒளியில் நம் கண் நிறம் பார்ப்பதில்லை. மங்கிய வெளிச்சத்தில் இயங்கும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. முழுநிலவிலேயே பச்சை அரைகுறையாகத்தான் தெரியும். இலையின் பச்சை தெளிவாகத் தெரிந்தது என்றால், வெடிப்பின் உச்சம் முழுநிலவை ஒட்டியோ அதை மீறியோ இருந்தது என்று பொருள். நானும் நண்பரும் தடத்தில் கண்ணை வைத்திருந்ததால் தரையில் இதைக் கவனிக்கவில்லை. ஒளியைப் பற்றி எங்களைவிடத் தெளிவாக அறிந்திருந்தவர், ஒளிவந்த பக்கத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்ட பாட்டிதான்.

இன்னொரு சாட்சியம் என்னைத் திகைக்க வைத்தது. தோட்டக் காவலர் ஒருவர், வெளிச்சம் அடித்த அதே கணத்தில் "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம் தன் காதருகே கேட்டதாகச் சொன்னார். சொல்லத் தயங்கினார்; தன் மனைவியே நம்பவில்லை என்றார். நூறு கி.மீ.க்கு அப்பால் எழுந்த ஒலி அதே கணத்தில் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனால் இத்தகைய சாட்சியங்கள் உலகெங்கும் நூற்றாண்டுகளாக வந்துகொண்டே இருந்தன. அறிஞர்கள் நெடுங்காலம் அவற்றை ஒதுக்கிவைத்தார்கள். 2017-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள்: மிகப் பிரகாசமான தீக்கோளத்தின் ஒளி நொடிக்குப் பலமுறை துடிக்கிறது, அந்தத் துடிப்பு முடி, உலர்ந்த இலை, துணி போன்ற மெல்லிய இருண்ட பொருள்களைச் சூடாக்கி, ஒட்டியிருக்கும் காற்றை அசைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலேயே மெல்லொலி எழுப்புகிறது. முழுநிலவுக்கு அருகான ஒளி இருந்தால்தான் இது நிகழக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. காவலர் உலர்ந்த இலைச் சருகுகளுக்கு நடுவே, காற்று படாத பள்ளத்தில் நின்றிருந்தார். நாங்கள் நின்றது காற்று அலறும் விளிம்பில். அவர் கேட்டார் என்றே நான் நம்புகிறேன். அவரிடமும் அதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது எனக்குப் பெரிய நிறைவு.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதினி தொலைபேசியில் அழைத்தார். வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே வெளிச்சம் வெடித்ததாம். சிவகாசிப் பக்கம் எங்கோ பட்டாசு ஆலையில் விபத்து என்று பயந்து, அண்ணனை எழுப்பி, அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேசச் சொல்லியிருக்கிறார். அந்த வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு வானத்தில் ஒரு வெளிச்சம் என்றால் முதலில் எழும் எண்ணம் அதுவாகத்தான் இருக்கும். யாருக்கும் எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகே கோலத்தை முடித்திருக்கிறார்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு வலப்பக்கம், ஆனால் கோபுரத்தைவிட மிக மிக மேலே என்றார். நாளை விடியலில் அதே இடத்தில் நின்று, அண்ணனை முட்டி பிடிக்கச் சொல்லி அளந்து சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன்.

குமுளி, வெள்ளிக்கிழமை மதியம்

பொழிவின் உச்ச இரவு மேகத்தோடு போயிற்று. விடியும் முன் அரை மணி நேரம் மேகம் விலகியதில் அழகான சில எரிகற்கள் கிடைத்தன.

மதினியின் அளவு வந்துவிட்டது. அடிவானத்திலிருந்து ஆறரை முட்டிக்குச் சற்றே மேல். ஏறத்தாழ 66 டிகிரி. திசை தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்கு. இதைக் கேட்டதும் வரைபடத்தை விரித்தேன். ராமக்கல்மேட்டிலிருந்து 125 டிகிரித் திசையில் கோடு போட்டால், அது மேகமலையைத் தாண்டி, கிட்டத்தட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகவே போகிறது. அதாவது நாங்களும் மதினியும் ஒரே கோட்டில் நின்று, ஒரே புள்ளியை, ஒரே திசையில், வெவ்வேறு உயரக் கோணத்தில் பார்த்திருக்கிறோம். உயரம் காண இதைவிட வாய்ப்பான அமைப்பை வேண்டிப் பெற முடியாது.

பள்ளிக்கூடத்தில் கோபுர உயரம் காணப் போட்ட அதே முக்கோணக் கணக்குத்தான். இரு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 53 கி.மீ. 42 டிகிரியும் 66 டிகிரியும் சந்திக்கும் இடம் தரையிலிருந்து 80 கி.மீ. உயரத்தில் அமைகிறது, அதன் நேர் கீழே சாத்தூர் வட்டாரம். முட்டி அளவில் நான்கு டிகிரிவரை பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், மதினியின் கோணத்தை 62 என்று எடுக்க உயரம் 92 ஆகிறது. 70 என்று எடுக்க 71 ஆகிறது. ஆக, எழுபதுக்கும் தொண்ணூற்று இரண்டுக்கும் இடையில். ராமக்கல்மேட்டிலிருந்து அந்தப் புள்ளிக்கு நேர்த்தொலைவு 120 கி.மீ.

ஒரு தொலைபேசி அழைப்பும் நான்கு கைகளும் தந்த இந்த விடை, ஜீப் ஓட்டுநருக்கும் இளைஞருக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கிறது. மேகமலையிலும் இல்லை, சுருளியிலும் இல்லை. அடிவானத்தை நோக்கி மறையும் பேரொளி எதுவும் அடுத்த மலைக்குப் பின்னால் விழுந்ததாகவே தோன்றும். தொலைவைச் சொல்ல இருட்டு வானத்தில் கண்ணுக்கு எந்தத் துணையும் இல்லை. இந்தத் தீக்கோளம் எங்குமே விழவில்லை என்பதும் இதே கணக்கால் தெரிகிறது. தரைக்கு வந்துசேரும் கல் பெரும்பாலும் மெதுவாக நுழைந்து, முப்பது கி.மீ.க்கும் கீழே இறங்கும்வரை ஒளிர்ந்து, பிறகு இருளில் விழும். எண்பது கி.மீ.யில் வெடித்து அணைந்த வேகமான துகள் முழுதும் ஆவியாகிவிட்டது.

கல் விழுந்ததும் உண்டு. 1914 ஏப்ரலில் மலப்புறம் பக்கம் குற்றிப்புறத்தில் 45 கிலோ விண்கல் விழுந்தது. 1886-இல் தமிழ்நாட்டின் நம்மியந்தலில் நாலரைக் கிலோ. அத்தகைய கல்லைக் கண்டெடுத்தால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் சேர்க்கவேண்டும். நாளை யாராவது மேகமலையில் கிடைத்தது என்று கருங்கல்லைக் கொண்டுவந்து காட்டினால் அவர்களிடம் பொறுமையாக இந்தக் கணக்கைச் சொல்லவேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கூடலூர், வெள்ளிக்கிழமை இரவு

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் சாலையில் பக்தர்களின் கூட்டம். வழியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு குழுவின் குருசாமி, நேற்று அதிகாலை கூடலூரைத் தாண்டி நடக்கையில் தாம் கண்டதைச் சொன்னார். கன்னிச்சாமி ஒருவர் அழுதுவிட்டாராம். குருசாமி அனைவரையும் உட்கார வைத்துச் சரணம் சொல்ல வைத்திருக்கிறார். அவர் காட்டிய திசையும் உயரமும் எங்கள் அளவோடு ஒத்திருந்தன. தடம் முறுக்கியதை அவர்கள் சரணம் சொல்லி முடிக்கும்வரை பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஊரின் பெயரைத் தாங்கிய புலவர் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கூடலூர் கிழார், சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது பாடிய புறநானூற்று 229-ஆம் பாடல், ஒரு தீக்கோளத்தின் சாட்சியம். மன்னனின் மறைவுக்கு அது முன்னறிகுறியாக வந்தது என்று அவர் நம்பினார், ஏழாம் நாள் என்ன ஆகுமோ என்று அஞ்சி எண்ணிக்கொண்டிருந்தார், அஞ்சியபடியே ஆயிற்று. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் அவர் எவற்றைப் பதிவு செய்தார் என்று பாருங்கள். மாதம் பங்குனி. நேரம் நள்ளிரவு. உச்சியில் இருந்த நாள்மீன் சாய்ந்துகொண்டிருந்தது, அதற்கு எட்டாவது நாள்மீன் எதிரே எழுந்துகொண்டிருந்தது, வேறொன்று அடைந்துகொண்டிருந்தது. உரைகாரர்கள் இவற்றை உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று அடையாளம் காட்டுகிறார்கள். விழுந்த மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை. நெருப்பைப் பரப்பிக்கொண்டு, காற்றால் அலைக்கப்பட்டு விழுந்தது.

பன்னாட்டு எரிகல் அமைப்பின் தீக்கோளப் படிவத்தை இன்று மதியம்தான் நிரப்பினேன். இடம், நாள், நேரம், தொடங்கிய திசை, முடிந்த திசை, உயரம், நிறம், தடம், ஓசை என்று அது கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் கூடலூர் கிழார் விடை எழுதியிருக்கிறார். கடிகாரம் இல்லாத காலத்தில், எழுந்த மீனையும் அடைந்த மீனையும் கொண்டு நேரம் குறித்திருக்கிறார். காற்றால் அலைந்தது என்ற குறிப்பைப் படித்தபோதெல்லாம் அதைக் கவிஞரின் அலங்காரம் என்றே எண்ணி வந்திருந்தேன். நேற்று முறுக்கிய தடத்தைக் கண்டபிறகு, அவரும் இதையே கண்டு எழுதினார் என்று கருதுகிறேன்.

கம்பம், சனிக்கிழமை காலை

பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். இந்த அளவுள்ள தீக்கோளங்கள் உலகில் அடிக்கடி நிகழ்கின்றன என்றாலும், எதுவும் தானாகப் பதிவாவதில்லை. அமெரிக்க அரசின் செயற்கைக்கோள் உணரிகள் பிடித்து நாசா வெளியிடும் பட்டியலில் ஏறுபவை இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஆற்றல் கொண்டவை. செல்யாபின்ஸ்கில் 2013 பிப்ரவரி 15 அன்று காலை வெடித்ததுபோன்ற, இருபது மீட்டர் அளவுள்ள பாறையென்றால் உலகமே அறிந்துவிடும். அன்று ஒளியைப் பார்க்கச் சன்னலருகே வந்து நின்றவர்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து வந்த அதிர்வலையில் கண்ணாடி உடைந்து காயமுற்றார்கள். நம் தலைக்கு மேல் ஒரு நொடி எரிந்த ஒரு கிலோத் துகளுக்கோ, பார்த்தவர்களை விட்டால் வேறு பதிவேடு கிடையாது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை விடியற்காலை 4.41-க்குச் சாத்தூர், கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கங்களில் வெளியில் இருந்தவர்கள் இதைப் படித்தால் உங்கள் சாட்சியம் எனக்கு மிகவும் தேவை. உங்களுக்கு இது உச்சியிலோ, நின்ற ஊரைப் பொறுத்து வடக்கிலோ, தெற்கிலோ, மேற்கிலோ தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அளவு கிடைத்தால், எழுபதுக்கும் தொண்ணூற்று இரண்டுக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகக் குறையும். பார்த்த இடத்தில் மீண்டும் நின்று, எந்த மரம் அல்லது எந்தக் கூரைக்கு மேல் முடிந்தது என்பதைக் கவனித்து, அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி என்று அளந்து எழுதுங்கள். உடன் பார்த்தவர் இருந்தால், அவர் தனியாக எழுதட்டும். தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்தவர்களும் எழுதலாம். என்ன நிறம் தெரிந்தது, நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பதே போதும்.